கடற்கரையில் நின்றுபோகும் யூனிட்

சங்கரன்கோவிலில் நின்று நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது கோவில்பட்டியைத் தொட்டு, விளாத்திகுளத்தை உரசி, சாயல்குடி பக்கம் கடலில் இறங்கும். மன்னார் வளைகுடாவைத் தாண்டி, தனுஷ்கோடி மணலில் கால் நனைத்து, தலைமன்னாரில் கரையேறிவிடும். மொத்தம் 240 கிலோமீட்டர் போல வரும். சென்னைக்கு இதேபோல் நேர்க்கோடு போட்டால் 500 கிலோமீட்டருக்கு மேல். தூரத்தை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊருக்குத் தலைநகரைவிட இலங்கைதான் பக்கம். இந்தக் கோட்டின் மேற்கு முனையிலும் காத்தாடிகள் சுற்றுகின்றன, கிழக்கு முனையிலும் சுற்றுகின்றன. இரண்டையும் ஓட்டுவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. நடுவில் மின்கம்பி மட்டும் இல்லை.

இங்கே பிறக்கும் ஒரு யூனிட் மின்சாரத்தின் பின்னாலேயே போனால் அது எங்கெல்லாம் போகும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்று பார்க்கலாம்.

பிறப்பு வைகாசியில். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் காற்று, குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, ஈரம் வடிந்து வெறும் வேகத்தோடு எங்கள் கரிசலுக்கு வந்து சேரும். புரட்டாசி வரை அதன் ஆட்டம்தான். ஊத்துமலை, சுரண்டை, தேவர்குளம், கயத்தாறு என்று இந்தப் பக்கம் முழுக்கக் காத்தாடிக் காடு. முதல் தலைமுறையில் நட்ட 225 கிலோவாட் காத்தாடி முழுத் திறனில் சுற்றினால் ஒரு யூனிட் பெற 16 விநாடி ஆகும். இப்போதைய 2 மெகாவாட் இயந்திரம் இரண்டு விநாடிக்குள் ஒன்றைப் பெற்றுப் போட்டுவிடும். இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. முதலில் வந்தவர்கள் நல்ல காற்று அடிக்கும் இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் சிறந்த காற்றைக் குடிப்பவை இன்றும் குட்டையான, வயதான காத்தாடிகள். பழசைக் கழற்றிப் புதுசு நட வழிசெய்யும் கொள்கையை மாநில அரசு 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது.

பிறந்த யூனிட்டுக்கு ஆயுள் என்று ஒன்று கிடையாது. நெல்லைப்போல் பத்தாயத்தில் கொட்டிவைத்து விலை ஏறும்போது எடுத்து விற்க முடியாது. உற்பத்தியான அதே கணத்தில் யாராவது அதைச் செலவழித்தாக வேண்டும். காத்தாடியின் அடியில் 690 வோல்ட்டில் இருக்கும் அது, பக்கத்து டிரான்ஸ்பார்மரில் 33 கிலோவோல்ட்டாக ஏறி, துணை மின்நிலையத்தில் 110 கிலோவோல்ட்டாகி, கட்டமைப்பில் கலக்கிறது. கலந்தபின் அதற்கு முகம் இல்லை. பக்கத்தில் எங்கே லோடு இருக்கிறதோ அங்கே போய் முடிந்துவிடும். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். ஆனி மாதப் பகலில் எங்கள் பக்கத்துக் காத்தாடியில் பிறக்கும் யூனிட்டுகளில் பல, ஊரைத் தாண்டாமலே ஏதோ ஒரு தறியை ஓட்டிவிட்டுச் செத்துப்போகின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்லும். அந்தக் காத்தாடியின் சொந்தக்காரர் ராஜபாளையத்திலோ கோயம்புத்தூரிலோ நூற்பாலை நடத்துபவராக இருக்கலாம். அப்படியானால் அந்த யூனிட் 'வீலிங்' கணக்கில் அவருடைய ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதப்படும். ஆலைக்கு அன்றைக்குத் தேவையில்லை என்றால், பழைய காத்தாடிகளுக்கு உள்ள 'பேங்கிங்' வசதிப்படி மின்வாரியம் ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டு வரவு வைக்கும். மார்ச் முடிவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். ஆடியில் செத்த யூனிட் மாசியில் எழுந்து வந்து நூல் நூற்கும்! அதே நேரம், உண்மையில் அதைத் தின்ற சங்கரன்கோவில் தறிக்காரரின் கணக்கில் அது அரசு தரும் இலவச மின்சாரம்: இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்தது, 2023 மார்ச்சில் 1,000 ஆனது.

கம்பியில் ஒரு பயணம், கணக்கில் இன்னொரு பயணம். இந்த இரட்டை வாழ்க்கை புரிந்துவிட்டால் நாடுவிட்டு நாடு மின்சாரம் விற்பது பெரிய மாயம் இல்லை. வடக்கே ஒரு நாடு வாங்க, தெற்கே ஒரு காத்தாடி விற்கலாம். இரண்டுக்கும் நடுவில் தொடர்ந்து கம்பி இருந்தால் போதும், அதே யூனிட் அங்கே போக வேண்டியதில்லை.

அந்தத் தொடர்ச்சி உண்டாக நாள் பிடித்தது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது மின்சாரம் என்பது மலையடிவார விவகாரம். பைகாரா, மேட்டூர், பாபநாசம் என்று தனித்தனித் தீவுகள் ஒன்றாகி, 1957-இல் மின்வாரியம் வந்து, மாநிலம் ஒரு தீவானது. பிறகு அண்டை மாநிலங்களோடு சேர்ந்து தென்னிந்தியா ஒரு தீவானது. வடக்கோடு தொடர்பு இருந்தது, ஆனால் நேர்மின்னோட்டக் கதவுகள் வழியாக மட்டும்: சந்திரப்பூர், காஜுவாகா, 2003-இல் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கோலாருக்கு வந்த நெடுங்கம்பி. கதவு திறக்கும் அளவுக்குத்தான் மின்சாரம் வரும். 2012-இல் தமிழ்நாடு பாதி நாள் இருட்டில் கிடந்தபோது, வடக்கே கொஞ்சம் மின்சாரம் விற்பனைக்கு இருந்தாலும் கொண்டுவரப் பாதை போதவில்லை. தறிகள் ஊமையாக நின்றன.

அதே கதவு அதே ஆண்டு நம்மைக் காப்பாற்றவும் செய்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் அடுத்தடுத்துச் சரிந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். உலகிலேயே பெரிய மின்தடை என்று எழுதினார்கள். தெற்கு விழவில்லை. நேர்மின்னோட்ட இணைப்பு மின்சாரத்தைக் கடத்தும், தடுமாற்றத்தைக் கடத்தாது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடலோரம் போனதும் தேவைப்படும்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் வடக்கும் ஒரே துடிப்பில் இணைந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு மூன்று மாதம் முன்பே, அக்டோபர் 5 அன்று, மேற்கு வங்கத்தின் பகரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்கு 500 மெகாவாட் இணைப்பு திறந்தாயிற்று. இன்னொரு நாட்டுக்குக் கம்பி போன பிறகுதான் சொந்த நாட்டின் தெற்கு முழுசாகச் சேர்ந்தது.

இன்று எங்கள் யூனிட்டுக்கு வடக்கே போக ராஜபாட்டை இருக்கிறது. கயத்தாறு 400 கிலோவோல்ட் நிலையத்தில் ஏறி, காரைக்குடி, புகளூர் பக்கம் போகலாம். கரூர் மாவட்டத்துப் புகளூரில் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டக் கம்பி காத்திருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கர் வரை 1,765 கிலோமீட்டர், 6,000 மெகாவாட். நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரப் போட்டதென்றாலும், காற்று மிஞ்சும் நாளில் தெற்கிலிருந்து வடக்கே அனுப்பவும் அதனால் முடியும். இதற்கான கோபுரங்களைத் தங்கள் தோட்டங்களில் நிறுத்தக் கூடாதென்று கொங்கு விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயணக் கதைகளில் யார் நிலத்தின் மேல் போனோம் என்பது விடுபட்டுப்போகிறது.

நாட்டின் எல்லையில் கணக்குப் பயணம் சூடுபிடிக்கிறது. பூட்டான்தான் மூத்த வியாபாரி. 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம் இந்தியப் பணத்தில் எழும்பி 1980களின் பிற்பாதியிலிருந்து இந்தியாவுக்கு விற்று வருகிறது. நேபாளத்துக்கு 2016-இல் முசாபர்பூர்–தல்கேபர் லைன் திறந்தது. மணிப்பூரின் மோரேவிலிருந்து மியான்மரின் தமுவுக்குப் போகும் 3 மெகாவாட், எங்கள் பக்கத்து ஒன்றிரண்டு காத்தாடிக்குச் சமம். மத்திய அரசு 2018-இல் எல்லை தாண்டிய வணிகத்துக்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது; 2021 ஏப்ரலில் இந்திய மின்சந்தையில் நேபாளம் மறுநாளைக்கான மின்சாரத்தை ஏலத்தில் வாங்கத் தொடங்கியது. 2024 நவம்பர் 15 அன்று இன்னொரு படி: நேபாளத்தின் 40 மெகாவாட் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போனது. யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவில் வழிவிடுபவர் ஒருவர்.

அந்த ஒப்பந்தத்தின் மாதங்களைக் கவனியுங்கள்: ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை. பருவமழையில் நேபாள ஆறுகள் பொங்கும் காலம். எங்கள் காத்தாடி வெறிபிடித்துச் சுற்றுவதும் ஏறக்குறைய அப்போதுதான். செங்கோட்டைக் கணவாயில் நுழையும் அதே பருவம்தான் இமயமலையில் மழையாகிறது. ஆக, எங்கள் யூனிட் விலைபோக வேண்டிய மாதங்களில் நேபாளம் வாடிக்கையாளர் இல்லை, போட்டிக்காரர். தை, மாசியில் அவர்கள் வாங்க வருவார்கள்; அப்போது எங்கள் காத்தாடிகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

வடக்கே போனது போதும், கிழக்கே திரும்புவோம்.

பாக் நீரிணையை மற்ற எல்லாம் கடந்திருக்கின்றன. தந்திக் கம்பி 19-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. 1914-இலிருந்து போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடியில் ரயிலிறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயிலேறினார்கள். 1964 டிசம்பர் புயல் அந்தத் தனுஷ்கோடித் தடத்தை முடித்துவைத்தது. 2006-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புப் பக்கம் கடலடித் தொலைத்தொடர்புக் கேபிள் போடப்பட்டது. மின்சாரக் கம்பி பற்றிய பேச்சு 1970களிலிருந்து நடக்கிறது. 2010 ஜூனில் சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஒப்பந்தம். மதுரைப் பக்கத்திலிருந்து அனுராதபுரம் வரை, முதலில் 500, பிறகு 1,000 மெகாவாட் என்று திட்டம். 2023 ஜூலையில் அப்போதைய இலங்கை அதிபர் ரணில் விக்கிரமசிங்க டெல்லி வந்தபோது கூட்டு ஆவணத்தில் ஒரு பத்தி. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இரு அரசுகளும் உயரழுத்த நேர்மின்னோட்ட இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. காகிதம் பல தடவை கடல் கடந்துவிட்டது.

தொழில்நுட்பம் தடையில்லை. உலகில் இதைவிட ஆழமான, நீளமான கடல்களைக் கேபிள்கள் கடந்திருக்கின்றன. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆனால் அந்த ஆழக்குறைவே தொந்தரவும்கூட. இழுவைமடி படகுகள் அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு போகும் கடல் அது. நங்கூரமும் மடிப்பலகையும் படாமல் இருக்கக் கேபிளை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். தெற்கே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா, பவளப்பாறைகள், கடற்புல் படுகைகள். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இன்றைக்கும் இராமேசுவரம் மீனவர் கைதாகாத மாதம் அபூர்வம். ஒரு கேபிள் போட இருதரப்பு மின்பொறியாளர்கள் சம்மதித்தால் போதாது, அந்தக் கடலில் வலை போடுகிறவர்களின் சண்டையும் தீர வேண்டியிருக்கும்.

கடலடியில் ஏன் நேர்மின்னோட்டம்? மாறுமின்னோட்டத்தை நெடிய கேபிளில் அனுப்பினால் கேபிளை நிரப்புவதற்கே ஒரு பங்கு செலவாகிவிடும். இன்னொரு காரணம், 2012-இல் தெற்கு தப்பிய கதைதான். ஒருவர் தடுமாறினால் மற்றவர் விழக்கூடாது.

தடுமாற்றம் இலங்கைக்குப் புதிதில்லை. 2022 மார்ச் கடைசியில், எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல், நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பிப்ரவரி 9 ஞாயிறு காலை பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறித் தீவு முழுக்க இருண்டது. மந்திரி குரங்கைச் சொன்னதும் உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, கூரைச் சூரியத் தகடுகள் முழு வேகத்தில். சுழலும் கனத்த இயந்திரங்கள் குறைவாக ஓடிய ஒரு சின்னக் கட்டமைப்பைச் சாய்க்கக் குரங்கு போதும். நுரைச்சோலை நிலக்கரி நிலையம் அந்த அதிர்ச்சியில் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது.

இலங்கையின் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்குள். தமிழ்நாட்டின் உச்சம் 2024 மே 2 அன்று 20,830. அங்கே இருக்கும் மிகப்பெரிய ஒற்றை எந்திரம் 300 மெகாவாட். அதற்குப் பக்கத்தில் 500 மெகாவாட் கேபிள் ஒன்றை வைத்தால், அது ஊன்றுகோலாகவும் இருக்கும், பெரிய அபாயமாகவும் இருக்கும். நடு இரவில் அது அறுந்தால் நாட்டின் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல்கூட ஒரே நொடியில் காணாமல் போகலாம். இலங்கைப் பொறியாளர்கள் தயங்குவதை இந்திய எதிர்ப்பு என்று மட்டும் படிப்பது தவறு. அரசியல் இல்லாமலும் இல்லை. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவில் சின்னச் சின்ன மின் திட்டங்களுக்கான ஒப்பந்தம் 2021-இல் ஒரு சீனக் கம்பெனிக்குப் போனதும் டெல்லி முறுக்கிக்கொண்டு, மறு ஆண்டே தன் மானியத்தில் அதை எடுத்துக்கொண்டது. மூன்று தீவுகளுக்கே இந்தப் பாடு.

சரி, கேபிள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் யூனிட் போகுமா?

எங்கள் பக்கத்துக் காத்தாடிக்காரர்கள் சிலர் அப்படி ஆசைப்படுகிறார்கள். காற்று மிஞ்சும் நாட்களில் 'நிறுத்து' என்று உத்தரவு வந்து, நல்ல காற்றில் இறக்கைகளைத் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, கிழக்கே ஒரு சந்தை என்றால் இனிக்கத்தான் செய்யும். ஆனால் மன்னார் தீவில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காத்தாடிகள் எங்கள் காற்றில்தான் சுற்றுகின்றன. வைகாசி முதல் புரட்டாசி வரை நமக்கு மிஞ்சும்போது அவர்களுக்கும் மிஞ்சும். அவர்களுடைய மலைநாட்டு அணைகளில் பலவும் அதே பருவமழையில் நிறையும். கடிகாரமும் ஒன்றே, இரு நாட்டிலும் சூரியன் சாயும் அதே வேளையில் விளக்கு எரிகிறது, அடுப்பு எரிகிறது. காற்றோ, மழையோ, நேரமோ நமக்குள் வித்தியாசம் காட்டினால்தானே கைமாற்ற முடியும்?

வித்தியாசம் இருப்பது மாசி, பங்குனியில். அணைகள் வற்றி, காற்று அடங்கி, இலங்கை விலையுயர்ந்த எண்ணெயை எரிக்கும் மாதங்கள் அவை. அப்போது கேபிளில் போகப்போவது ராஜஸ்தான் வெயில், சத்தீஸ்கர் நிலக்கரி, கணக்கில் இந்தியப் பொதுத் தொட்டி. சங்கரன்கோவில் யூனிட் அந்த மாதங்களில் பிறப்பதே இல்லை. தென்மாவட்டங்கள் வழியாக அந்த மின்சாரம் வெறுமனே கடந்துபோகும்.

ஆகவே இந்த இணைப்பை எங்கள் காற்றுக்குச் சந்தை என்று சொல்லி விற்காதீர்கள் என்பது என் கட்சி. இலங்கைக்கு அது இருட்டில் கைகொடுக்கும் காப்பீடு. எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் வழி. இந்தியாவுக்கு அது அண்டை வீட்டில் மதிப்பு; ஒரு நாள் இலங்கை வடமாகாணக் காற்றையும் வெயிலையும் இன்னும் பெரிதாகப் பிடித்தால் வாங்கவும் வழி. இரண்டுமே நல்ல காரணங்கள்தான், கம்பி போடத் தகுந்த காரணங்கள். எங்கள் காத்தாடிக்காரர்களின் பிரச்சினைக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது: பழசைக் கழற்றிப் புதுசு நடுவது, கயத்தாறு பக்கத்துக் கம்பிகளை வலுப்படுத்துவது, ஆடிக் காற்றை அன்றிரவுக்காவது பிடித்துவைக்கும் பேட்டரிகளும் நீரேற்று நிலையங்களும்.

மதுரையிலிருந்து கடற்கரை வரை கோபுரங்கள் நடப் போகிறவர்களிடம் இப்போதே கேட்க வேண்டியவை இரண்டு. 2024 ஜூனில் மத்திய மின்துறை வகுத்த நெறிப்படி, கோபுரம் நிற்கும் நிலத்துக்கு நிலமதிப்பின் இரண்டு மடங்கும், கம்பி போகும் பட்டைக்கு 30 சதவீதமும் இழப்பீடு உண்டு. தமிழக அரசு அதைக் குறையாமல் வாங்கித்தர வேண்டும். கொங்கில் நடந்தது இராமநாதபுரத்தில் நடக்கக் கூடாது. இரண்டாவது, கேபிள் இறங்கும் இடத்தையும் போகும் தடத்தையும் முடிவுசெய்யும் முன் இராமேசுவரம், பாம்பன், மன்னார் மீனவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேளுங்கள். 2025 ஏப்ரல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை டெல்லியும் கொழும்பும். தடம் போகப்போவது இவர்களுடைய வலைகளுக்கு அடியில்.